இந்த நாய் யாருடையது?

தஞ்சை மாவட்டத்தில் ஏதேனும் ஒரு கிராமத்துத் தெருவில் நின்று, திண்ணையோரம் படுத்திருக்கும் நாயைக் காட்டி, "இது யார் வீட்டு நாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "யார் வீட்டு நாயும் இல்லை, தெருவில் கிடக்கிறது" என்பார்கள். ஆனால் அதற்கு மணி என்றோ ராஜா என்றோ ஒரு பெயர் இருக்கும். காலையில் ஒரு வீட்டில் பழைய சோறு. இரவில் இன்னொரு வீட்டில் மிச்சம். அறுவடைக் காலத்தில் அது களத்து நெல்லுக்குக் காவல் இருக்கும். பூனையின் கதையும் இதுவே. நெல் இருக்கும் வீட்டுக்கு எலி வரும். எலியைத் தேடிப் பூனை வரும்.

சோறு வைக்கப் பலர் இருக்கிறார்கள். தடுப்பூசி போட அழைத்துச் செல்லத்தான் ஒருவரும் இல்லை. சோறு வைப்பவர் எவரோ அவரே சொந்தக்காரர் என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வெறிநோய். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். அதாவது, உங்கள் வயதினர்! பெரும்பாலும் நாய்க்கடியாலேயே இது மனிதருக்கு வருகிறது. அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். 1907-இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். அந்த முறை இப்போது இல்லை. கையிலேயே சில ஊசிகள் போதும். ஆனால் கடிபட்ட பிறகு போடும் ஊசி, தீப்பிடித்த பின் வரும் தீயணைப்பு வண்டியைப் போன்றது. நாய்க்கு முன்கூட்டியே போடும் ஊசிதான் தீயே பிடிக்காமல் காக்கிறது.

ஒரு பகுதியில் 10 நாய்களுக்கு 7 வீதம் தடுப்பூசி போட்டுவிட்டால், நோய் ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவும் சங்கிலி அறுந்துவிடும் என்று கண்டறிந்துள்ளனர். உங்கள் தெருவில் 20 நாய்கள் இருந்தால் 14 நாய்களுக்குப் போட வேண்டும். கயிறு கட்டி வளர்க்கும் இரண்டு நாய்களுக்கு மட்டும் போட்டால் கணக்கு எப்படிச் சரியாகும்?

இனி, நமது வயற்காட்டுக்கே உரிய ஓர் ஆபத்தைப் பார்ப்போம். டெல்டா உழவர் தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிக்கும் வயல் எலியை அறிவீர்கள் அல்லவா? எலிகளின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி வெளிவரும். தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் அது பல நாள் உயிரோடு இருக்கும். காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலில் புகும். வரப்பில் ஓடும் நாய்க்கும் இப்படியே தொற்றும். பிறகு அதன் சிறுநீரிலும் கிருமி வரும். வயலில் இருந்த நோய் வாசலுக்கு வந்துவிடுகிறது. இதற்கும் நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு.

புழுக்களையும் மறக்கக்கூடாது. உருண்டைப் புழு, தாய் வயிற்றில் இருக்கும்போதே நாய்க்குட்டிக்குள் புகுந்துவிடும். ஆகவே குட்டி பிறந்த 2 வாரத்திலேயே மருத்துவரைக் கேட்டுப் புழு மருந்து தொடங்க வேண்டும். கொக்கிப் புழுவின் இளம் புழுக்கள் ஈர மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைக்கும். மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும், செருப்பு அணிவதும், மண்ணளைந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் செலவில்லாத வைத்தியம்.

உண்ணியோ நாயின் மேல் முட்டையிடுவதில்லை. வயிறு நிறைய இரத்தம் குடித்தபின் கீழே இறங்கி, சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மருந்து போடுவதோடு அது படுக்கும் இடத்தையும் துப்புரவு செய்ய வேண்டும். ஓர் எச்சரிக்கை: நாய்க்குரிய சில உண்ணி மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். பூனைக்குத் தனியே கேட்டு வாங்குங்கள்.

"நாய்களையே ஒழித்துவிட்டால் தொல்லை தீருமே!" என்பார் சிலர். ஒரு தெருவில் நாய்களை அகற்றினால், எச்சில் இலையைத் தேடி வேறு நாய்கள் வரும். அவை தடுப்பூசி போடாத நாய்களாகவும் இருக்கலாம். நமக்குப் பழகிய, ஊசி போட்ட நாய்தான் தெருவுக்குப் பாதுகாப்பு.

"எல்லார் வீட்டிலும் தின்னும் நாய்க்கு நான் மட்டும் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானதே. தெரு சேர்ந்து சோறு போடுகிறது. தெரு சேர்ந்தே ஊசியும் போடட்டும். பாஸ்டரின் நினைவாக ஜூலை 6 உலகெங்கும் விலங்குவழி நோய்கள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடப்பதுண்டு. ஒரத்தநாட்டில் 2012 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. ஊருக்கு அருகில் இவ்வளவு இருந்தும் பயன்படுத்தாவிட்டால் குறை யாருடையது?

மாணவர்களே, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். உங்கள் தெருவின் நாய், பூனைகளின் பெயர், நிறம், சோறு வைக்கும் வீடுகள், கடைசியாக ஊசி போட்ட நாள் ஆகியவற்றை எழுதுங்கள். கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அந்தப் பட்டியலுடன் ஆசிரியரையோ பெரியவரையோ அழைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக நாயைப் பிடிக்க முயலாதீர்கள். நாயோ பூனையோ கடித்தால், கீறினால், மறைக்காதீர்கள். உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சொன்ன எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை யாராவது "இது யார் வீட்டு நாய்?" என்று கேட்டால், "எங்கள் தெரு நாய், ஊசி போட்டாயிற்று" என்று நீங்கள் சொல்ல வேண்டும்.