முந்நூறு ரூபிள் சண்டை!

கல்ச்சுரல்ஸ் வருது. என்ன டிராமா போடலாம்னு மண்டையைப் பிச்சுக்கிறீங்களா? ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1888-ல், தன் 28 வயசில் எழுதிய ஓரங்க நாடகத்தை எடுங்க. ஆங்கிலத்தில் 'தி புரொபோசல்'. மூணே பேர், ஒரே ரூம், செட் செலவு கம்மி. அமெச்சூர் குழுக்களோட செல்லப்பிள்ளை!

35 வயசு லோமோவ், வெள்ளைக் கையுறை மாட்டி, பக்கத்துப் பண்ணையார் மகள் நதாலியாவைப் பெண் கேட்க வர்றார். விஷயத்தைச் சொல்றதுக்குள்ள, ஒரு புல்வெளி யாருக்குச் சொந்தம்னு சண்டை. அதோட மதிப்பு 300 ரூபிள்தான்! ஆளைத் துரத்தின பிறகு, அவர் வந்த காரணத்தை அப்பா கோபத்தில் உளறிடுறார். திரும்பக் கூட்டி வரச் சொல்லிக் கதறுறா நதாலியா. வந்தாரா? வந்தார். உடனே யார் நாய் உசத்தின்னு அடுத்த ரவுண்டு!

ரிகர்சலில் ஒண்ணு கவனிங்க. சிரிக்க வைக்க மெனக்கெடாதீங்க, நிஜமா சண்டை போடுங்க. நதாலியாவுக்கு 25 வயசு. தானாகப் போய்ப் பையனைக் கேட்க முடியாத காலம். அந்தக் கதறலை நக்கலா செஞ்சா கைதட்டல் கிடைக்கும். உண்மையா செஞ்சா, சிரிப்புக்கு நடுவுல அரங்கமே ஒரு நொடி அமைதியாகும்.

அப்பா இருவர் கையையும் சேர்த்து வெச்ச பிறகும் நாய்ச் சண்டை ஓயலை. திரை விழுது.

சரி, நீங்க இப்போ பேசாம இருக்கிற ஃப்ரெண்டோட போட்ட சண்டை எத்தனை ரூபிள் பெறும்?