நாயா, பேத்தியா?

கேள்வி: சென்னை அடையாறில் மகன் வீட்டில் சிப்பிப்பாறை நாய் வளர்கிறது. ஆறு வயதுப் பேத்திக்கு ஓயாத தும்மல். சில இரவுகளில் மூச்சு இளைப்பு. நாயை ஊருக்கு அழைத்து வந்துவிடலாமா?
– வாசகர், மதுராந்தகம்

பதில்: காரணம் நாய்தானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். கடலோர ஈரக்காற்றில் மெத்தை, தலையணையில் பெருகும் தூசிப் பூச்சிகளாலும் இதே தொல்லை வரும். தோல் அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இளைப்பு இருப்பதால் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம்.

ஒவ்வாமை தருவது முடியல்ல. நாயின் எச்சில், தோல் செதில், சிறுநீரில் உள்ள புரதம். எனவே குட்டை முடி நாயும் விலக்கல்ல.

மருத்துவர் நாயை வைத்துக்கொள்ளலாம் என்றால், அதைப் படுக்கையறைக்குள் விடக்கூடாது. வாரம் இருமுறை குளிப்பாட்டலாம். தரையை ஈரத்துணியால் துடைத்து, விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்க வேண்டும். நாயைத் தொட்டால் கை கழுவ வேண்டும்.

அப்படியும் இளைப்பு தொடர்ந்தால் நாய் ஊருக்கு வருவதே நல்லது. தெருவில் விட்டுவிடக் கூடாது. நாய் போனாலும் செதில் வீட்டில் சில மாதங்கள் தங்கும். அதுவரை மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. விடுமுறைக்குப் பேத்தி வரும்போது நாய்க்கு இடம் திண்ணைதான்.