பட்டம் கையில், நூல் எங்கே?

நம் வீட்டுப் பிள்ளை முனைவராகிவிட்டான்! வாழ்த்துவோம். தறி ஓட்டியவர் மகனும், தலைச்சுமை தூக்கியவர் மகளும் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதிக்கொள்ளும் நாள் வரும் என்று அவர்களுடைய பாட்டன் கனவிலும் எண்ணியதில்லை. வந்திருக்கிறது அந்த நாள். ஊர் முகப்பில் பதாகை கட்டுவோம். தெருவுக்கெல்லாம் இனிப்பு வழங்குவோம்.

ஆனால் தோழர்களே, பதாகையை அவிழ்த்த மறுநாள் காலையில் ஒரு கேள்வி வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு? பட்டம் வாங்கியாயிற்று, பிறகு?

பட்டம் என்பது படிப்புக்குத் தரும் சான்று. பட்டம் என்பது வானில் பறப்பதுந்தான். பறக்கிற பட்டத்துக்கு நூல் வேண்டும். நூலைப் பிடிக்கக் கை வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கக் கண் வேண்டும். நூலில்லாத பட்டம் மின்கம்பியில் மாட்டிக் கிழியும். படித்த பட்டத்துக்கும் அந்த நூல் வேண்டும். அதன் பெயர் திட்டம்.

2018ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் நடந்ததை நாடறியும். அங்கே காவல்துறையில் கடிதம் கொண்டு செல்லும் ஏவலர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். இடங்கள் 62. தகுதி, ஐந்தாம் வகுப்புப் படிப்பும் சைக்கிள் ஓட்டத் தெரிவதும். வந்து குவிந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 93,000. அவற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் அனுப்பியவை மட்டும் 3,700 அளவில்!

சைக்கிள் மிதிப்பது இழிவு என்று நாம் சொல்லமாட்டோம். உழைப்பிலே உயர்வு தாழ்வு கற்பிக்கும் கூட்டம் நாமல்ல. ஆனால் சைக்கிள் மிதிக்க ஐந்தாண்டு ஆராய்ச்சி எதற்கு? படித்தவனை வீணாக்குவது நாட்டுப் பணத்தை வீணாக்குவது. அவனைப் படிக்க வைத்த தாயின் வியர்வையை வீணாக்குவது.

நம் பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள்? ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கதவின் பெயர் கல்லூரி ஆசிரியர் வேலை. நல்ல வேலைதான், நிலையான பணி கிடைத்துவிட்டால் தொடக்க அடிப்படை ஊதியமே மாதம் 57,700 ரூபாய் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. ஆனால் அந்தக் கதவு எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும்?

விதியின் கதையைக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் மானியக் குழு விதி செய்தது. 2021 ஜூலை முதல் நடைமுறை என்றது. பிறகு 2023 ஜூலைக்குத் தள்ளியது. 2023 ஜூலை வந்ததும் கட்டாயமில்லை, நெட் அல்லது செட் தேர்வே குறைந்த அளவுத் தகுதி என்று மாற்றிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் இத்தனை மாற்றம்! 2018இல் அந்த விதியை நம்பி ஆய்வில் சேர்ந்தவன், ஆய்வேட்டை முடிப்பதற்குள் விதியே மாறிவிட்டது.

இடங்களின் கதை இன்னும் கசப்பு. நம் மாநில அரசுக் கல்லூரிகளுக்கு 2,331 உதவிப் பேராசிரியர் இடங்கள் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் அறிவித்தது. அந்த அறிவிப்பு நிறைவேறாமலே போயிற்று. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று புதிய அறிவிப்பு. ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. 2019இல் முப்பது வயதில் விண்ணப்பம் போட்டவனுக்கு 2024இல் முப்பத்தைந்து வயது. ஆட்சியில் யார் இருந்தாலென்ன? போன வயதைத் திருப்பித் தர எந்த அரசாணையாலும் முடியாது.

இடையிலே பிழைப்புக்கு என்ன வழி? கௌரவ விரிவுரையாளர் வேலை! எத்தனை அழகான பெயர்! கௌரவம் பெயரிலே இருக்கிறது, ஊதியத்திலே இல்லை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் வழிகாட்டியது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் அரசுக் கல்லூரிகளில் கைக்கு வந்தது அதில் பாதியைத் தாண்டவில்லை. அதுவும் பதினொரு மாதங்களுக்கு மட்டுமே. மே மாதத்தில் பசி விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள் போலும்!

நாம் கேட்கும் அடிப்படைக் கேள்வி ஒன்று உண்டு. காத்திருக்க யாரால் முடியும்? பாட்டன் வைத்த நிலம் உள்ளவனால் முடியும். வாடகை வரும் வீடு உள்ளவனால் முடியும். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்க அஞ்சும் வீட்டுப் பிள்ளையால் முடியுமா? காத்திருக்க முடிந்தவனுக்கே இடம் என்றால், பள்ளிக் கதவைத் திறந்துவிட்டு, பல்கலைக்கழக வாசலில் பழைய பூட்டை மாட்டியதாகவே பொருள். ஆகவேதான் சொல்கிறோம்: திட்டம் பணக்காரனுக்கு வசதி, நம் பிள்ளைக்கு அது உயிர்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைப் பாருங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கும் இலண்டனிலும் படித்துவிட்டு 1917இல் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றார். அத்தனை படித்தவருக்கு அந்த நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கினார், சாதி தெரிந்ததும் விரட்டினார்கள். அந்த வேலை போயிற்று. அவர் உட்கார்ந்துவிட்டாரா? 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். நண்பரிடம் கடன் வாங்கினார். 1920இல் மீண்டும் இலண்டன் போனார். 1923இல் பொருளாதாரத்தில் உயர்ந்த ஆய்வுப் பட்டம் பெற்றார். பாரிஸ்டர் தகுதியையும் சேர்த்துக்கொண்டு திரும்பினார். கொலம்பியா முனைவர் பட்டத்தை முறைப்படி அளித்தது 1927இல்தான். அதற்கு முன்பே, 1923இலிருந்து, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தார். அறிவுக்குப் பொருளாதாரம், அடுப்புக்குச் சட்டம் என்று இரு கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டார்.

இதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்த பிறகு வேலையைப் பற்றி எண்ணாதே, தம்பி. ஆய்வில் சேர்ந்த முதலாண்டே எண்ணு. நெட், செட் தேர்வுகளை ஆய்வுக் காலத்திலேயே முடித்துவிடு. பணக் கணக்கைப் பார். நெட் வழி இளநிலை உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஆனால் அது ஐந்தாண்டுகளுக்குத்தான். ஆய்வை முடிக்க விதி தரும் காலமோ ஆறாண்டு. ஆறாம் ஆண்டில் அடுப்பெரிவது எப்படி? ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வாய்மொழித் தேர்வு வரும்வரை ஓடும் மாதங்களுக்கு என்ன வழி? பணம் வரும்போதே அதில் ஒரு பங்கை அந்த நாளுக்கென்று எடுத்து வை.

மேலே ஆராய விரும்பினால் வயதைப் பார். முனைவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைக்கு 35 வயது வரம்பு. பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. கெடு முடிந்தபின் வருந்திப் பயனில்லை.

மற்றக் கதவுகளையும் தட்டு. லேத்து ஓட்டும் நம் தோழர் ஒரே ஒரு திருகாணி மட்டுமா செய்கிறார்? வரைபடம் மாறினால் வேலையும் மாறும், கைத்திறன் மாறாது. உன் ஆராய்ச்சியும் அப்படித்தான். வேதியியல் படித்தவனுக்குக் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் வேலை இருக்கிறது. மருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. வரலாறு படித்தவனுக்கு ஆவணக் காப்பகம் உண்டு, தொல்லியல் துறை உண்டு. தமிழ் படித்தவனுக்குப் பதிப்பும் மொழிபெயர்ப்பும் அகராதிப் பணியும் உண்டு. இங்கெல்லாம் இடங்கள் கொட்டிக் கிடக்கின்றன என்று பொய் சொல்லமாட்டோம். ஆனால் ஒரு கதவுக்கு ஆயிரம் பேர் நிற்கும்போது பக்கத்துக் கதவைத் தட்டிப் பார்ப்பது அறிவுடைமை. அதற்கு முதல் பயிற்சி ஒன்று சொல்கிறோம்: நீ ஐந்தாண்டு ஆராய்ந்ததை உன் தெருவில் உள்ள மில் தொழிலாளிக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கவை. அவருக்கு விளங்கினால், வேலை தருகிறவனுக்கும் விளங்கும்.

வேலையில் இருந்துகொண்டே ஆராய்வதும் குறைவல்ல. மு. வரதராசனார் தாலுகா அலுவலக எழுத்தராக வாழ்வைத் தொடங்கியவர். 1939இல் பச்சையப்பன் கல்லூரி ஆசிரியரானார். பணியில் இருந்தபடியே ஆராய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். வேலை முன்னே, பட்டம் பின்னே என்பதும் ஒரு திட்டமே!

பெற்ற தோழர்களுக்கு ஒரு சொல். "இத்தனை படித்தும் என்ன கண்டாய்?" என்று கேட்காதீர்கள். மில்லில் ஆட்குறைப்பு நடந்தால் தறியையா குற்றம் சொல்வோம்? கதவைப் பூட்டியவனைக் கேட்போம்.

கழகத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. நம் படிப்பகச் சுவரில் கூட்ட அறிவிப்பு ஒட்ட இடமிருக்கிறது. தேர்வு நாளும் உதவித்தொகைக் கெடுவும் ஒட்ட இடமில்லாமல் போகுமா? ஊருக்கொரு முனைவர் இருந்தால், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை ஞாயிறுதோறும் அவர்முன் உட்கார வையுங்கள்.

ஆள்வோரிடம் நாம் கேட்பது சலுகையல்ல. ஆண்டுதோறும் தேர்வு நடத்துங்கள்; நாளைச் சொல்லுங்கள்; சொன்ன நாளில் நடத்துங்கள். உதவித்தொகையை மாதந்தோறும் கொடுங்கள். பாடம் நடத்துகிறவனுக்குப் பன்னிரண்டு மாதமும் ஊதியம் கொடுங்கள்.

பிள்ளை திட்டமிடட்டும், வீடு துணை நிற்கட்டும், ஊர் வழி காட்டட்டும், அரசு வாக்கைக் காப்பாற்றட்டும். இந்த நான்கு இழைகளையும் சேர்த்து முறுக்கினால் நூல் உறுதிப்படும். உறுதியான நூலில்தான் நம் பிள்ளைகளின் பட்டம் உயரப் பறக்கும்!