முதலில் செவி, பிறகு நா

‘பழம்’ என்னும் சொல்லைப் ‘பளம்’ என்று வாசிக்கும் மாணவரிடம், “நாக்கை மடித்துச் சொல்” என்கிறோம். அவரும் மடித்துப் பார்க்கிறார், ஒலி மாறுவதில்லை. மீண்டும் சொல்லச் சொல்கிறோம். வகுப்பில் சிலர் சிரிக்கின்றனர். அதன்பின் அம்மாணவர் கை உயர்த்துவதே இல்லை. வாய்மொழித் தேர்விலும் மெல்லிய குரலில் வாசித்து முடித்துவிடுகிறார். பிழை நாவில்தான் இருக்கிறதா? அவருடைய செவிக்கு ழகரமும் ளகரமும் ஒரே ஒலியாகக் கேட்டால், நா என்ன செய்யும்? திருத்தம் தொடங்க வேண்டிய இடம் செவி என்பதே என் கருத்து.

உளவியல் என்றதும் மனநல ஆலோசனைதான் பலர் நினைவுக்கு வரும். ஆனால், மனிதர் எப்படிக் கேட்கின்றனர் என்பதை ஆராய்வோரும் பல்கலைக்கழக உளவியல் துறைகளில் உள்ளனர். காது அதிர்வை வாங்குகிறது. அது எந்த ஒலி என்று முடிவு செய்வது மூளை. கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஜேனட் வெர்க்கர், அங்கேயே உளவியல் பேராசிரியராகப் பல்லாண்டு பணியாற்றியவர். குழந்தைகள் பேச்சொலிகளை எப்படிக் கேட்டறிகின்றனர் என்ற கேள்வியைச் சுற்றியே அவருடைய ஆய்வுகள் அமைந்தன.

அவரும் ரிச்சர்ட் டீஸ் என்ற ஆய்வாளரும் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளுள் இரண்டு, இந்தி மொழிக்குரியவை. ‘கத்தி’, ‘கட்டி’ ஆகிய சொற்களில் வரும் தகர, டகர ஒலிகளை அவை ஒத்தவை. உங்களுக்கு இவ்விரண்டும் வேறு வேறு என்பதில் ஐயமே இராது. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த பெரியவர்களில் பெரும்பாலோருக்கோ அவற்றைப் பிரித்தறிவது மிகக் கடினமாக இருந்தது. அவர்களுடைய காதில் குறை எதுவும் இல்லை.

பேசத் தெரியாத குழந்தையிடம் இதை எப்படிச் சோதிப்பது? குழந்தை தாயின் மடியில் அமர்ந்திருக்கும். ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். ஒலி மாறியதும் குழந்தை தலையைத் திருப்பினால், விளக்கொளியில் ஒரு பொம்மை அசைந்தாடும். பொம்மையைக் காணும் ஆசையில் குழந்தை ஒலி மாற்றத்தைக் கவனிக்கப் பழகிவிடும். (வினாத்தாளே இல்லாத தேர்வு!) ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்தி ஒலிகளைப் பிரித்தறிந்தனர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளிலோ மிகச் சிலரே அறிந்தனர். இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகள் அந்த வயதிலும் பிரித்தறிந்தனர். அன்றாடம் கேட்கும் மொழிக்கு ஏற்பச் செவி ஓராண்டுக்குள்ளேயே தன்னைப் பழக்கிக்கொள்கிறது.

அப்படியானால், பிறகு கற்க வழியே இல்லையா? இருக்கிறது. ஆங்கிலத்தின் ஆர், எல் ஒலிகளைப் பிரித்துக் கேட்பது ஜப்பானியர் பலருக்குக் கடினம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் பிசோனியும் உடன் ஆய்வாளர்களும் அத்தகையோருக்குச் சில வாரங்கள் கேட்டல் பயிற்சி மட்டும் அளித்தனர். பலருடைய குரல்களில், பல சொற்களில் அப்பயிற்சி அமைந்தது. விடை சரியா, தவறா என்பது உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டது. கேட்டறியும் திறன் உயர்ந்தது. 1997இல் வெளிவந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நாக்கை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தராமலே அவர்களுடைய உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது.

ஆகவே, உச்சரிப்புப் பாடத்தின் முதல் பத்து நிமிடம் மாணவர் வாய் திறக்காமல் கேட்கட்டும். ‘கிளி’, ‘கிழி’, ‘வாளை’, ‘வாழை’, ‘மனம்’, ‘மணம்’ ஆகியவற்றுள் ஒலித்த சொல் எது என்று சுட்டிக்காட்டட்டும். ஆசிரியர், செய்தி வாசிப்பாளர், வகுப்புத் தோழர் எனக் குரல்கள் மாறட்டும். பாடத்திட்டத்தில் நேரம் இல்லை என்பர் சிலர். ஒரே பிழையை ஆண்டு முழுவதும் திருத்துவதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? தமிழிலேயே பேசி வளர்ந்தவரும் ழகரத்தை ளகரமாக ஒலிக்கின்றனரே என்றும் கேட்கலாம். உண்மைதான். அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தது ளகரம். இது என் கருத்துக்கு வலுவே சேர்க்கிறது. எனினும், ஆர், எல் ஒலிகளில் கிடைத்த பயன் நம் எழுத்துகளிலும் அதே அளவில் கிடைக்கும் என்று நான் உறுதி கூறவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதிப்பவர் யார்? மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். செவிப்புலன் ஆய்வுக்கு உளவியலோடு புள்ளியியலும் ஒலியியலும் தேவை. பொறுமை இன்னும் அதிகம் தேவை. பாதிச் சோதனையில் குழந்தை அழத் தொடங்கினால் அன்றைய உழைப்பு வீண். ஆனால், ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கும் ஒரே நாளில் காதில் விழும் ஊரில் நாம் வாழ்கிறோம். இங்கே வளரும் குழந்தை ழகரத்தை எந்த மாதத்தில் பிரித்தறிகிறது? பாட்டி மட்டும் தமிழ் பேசும் வீட்டில் அத்திறன் எவ்வளவு காலம் நீடிக்கிறது? இவற்றை ஆராய்வதற்கு ஏற்ற ஒலிகளைத் தேர்ந்தெடுக்கவும் பதிவு செய்யவும் சரிபார்க்கவும் தமிழை நன்கு அறிந்த செவி வேண்டும்.