கத்தரி யார் கையில் இருக்கிறது?

தையல் வகுப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கிய பெண்களில் பலர் தங்கள் ஜாக்கெட்டை இன்றும் தெருமுனை டெய்லரிடம்தான் கொடுக்கிறார்கள். பயிற்றுநர்களாகிய நம் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் நாம் கூடிப் பேசும்போது இதை யாரும் எடுப்பதில்லை. அந்தப் பெண்களுக்கு மெஷின் மிதிக்க வரும். நேர்த்தையல் வரும், ஹூக் கட்ட வரும், சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க வரும். புதுத்துணியை விரித்துப்போட்டு அதில் கத்தரி வைக்கச் சொன்னால் மட்டும் கை நின்றுவிடுகிறது.

அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. சேலையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். கைக்குழியை அரை அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டால் அதே நிறத்தில், அதே கரையில் வேறு துணி கிடைக்காது. முகூர்த்தப் பட்டு என்றால் கேட்கவே வேண்டாம். மெஷினில் செய்த தவறைப் பிரித்துத் தைக்கலாம். கத்தரியால் செய்த தவறை ஒட்டவைக்க முடியாது. தையல் தொழிலில் முடிவு எடுக்கும் இடம் வெட்டு மேஜைதான். அந்த மேஜையில் மாணவியை நிற்கவைக்காமலே நாம் பயிற்சியை முடித்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வகுப்பில் 20, 25 பேர். வெட்டு மேஜை ஒன்று. மாணவி பயத்தோடு துணியை நீட்டி, "டீச்சர், நீங்களே வெட்டிக் குடுத்துருங்க, நான் தச்சுக்கிறேன்" என்பார். நேரம் போகிறதே, துணி வீணாகிவிடுமே, அடுத்தவர் காத்திருக்கிறாரே என்று நாமும் வெட்டிக் கொடுத்துவிடுகிறோம். கருணையாகத்தான் அதைச் செய்கிறோம். ஆனால் அவர் நாம் எடுத்த முடிவைத் தைக்கிறாரே தவிர, தான் ஒரு முடிவும் எடுப்பதில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபின் மெஷின் அவரிடம் இருக்கும், நாம் இருக்கமாட்டோம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கேரியரில் உட்கார்ந்துகொண்டு யாரும் சைக்கிள் கற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, விழுந்து, எழுந்துதான் கற்றார்கள். கூட ஓடியவர்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டார்களே ஒழிய கைப்பிடியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நம் வகுப்பில் கைப்பிடி என்பது கத்தரி.

பயிற்சியின் நீளம்தான் காரணம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஐ.டி.ஐ.யில் தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் படிப்பு. வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் மகளிர் தையல் சுமார் 30 நாள். 2023இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் தையற்கலைஞர்களுக்கான அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள். இவை போக லோயர், ஹையர் தேர்வுக்குத் தயார்செய்யும் தனியார் மையங்கள், மாலைநேர வகுப்புகள், மகளிர் குழு வகுப்புகள் இருக்கின்றன. எந்த வகுப்பில் போய்ப் பார்த்தாலும் ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கிறது. குட்டிக் குட்டி மாதிரித் துணிகள் ஒட்டி, வண்ணப் பென்சிலால் படம் போட்டு, அளவுகளை அட்டவணையில் எழுதியிருப்பார்கள். தேர்வுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளங்கை அளவில் வெட்டிய கைக்குழி ஒரு பெண்ணின் தோளில் எப்படி உட்காரும் என்பதை எந்த நோட்டும் சொல்லாது.

கத்தரிக்கு முன்னால் டேப் இருக்கிறது. கவனித்துப் பார்த்தால், வகுப்பை விட்டு நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். மார்புச் சுற்றில் நாலில் ஒன்று எடுக்கவேண்டும். சுற்று 34 என்றால் எட்டரை என்று வந்துவிடும். 34½ என்றால்? கரும்பலகையில் நாம் 8⅝ என்று எழுதுகிறோம். எட்டாவதோடு படிப்பை விட்டு இருபது வருஷமான ஒருவருக்கு அந்தப் பின்னம் பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானங்களையெல்லாம் திரும்பக் கொண்டுவருகிறது. அடுத்த நாள் அவர் வருவதில்லை. கேட்டால் "வீட்டுல வேலை" என்பார்.

அவருக்குக் கணக்கே வேண்டாம், டேப் இருக்கிறது. டேப்பின் ஆரம்ப முனையை 34½ கோட்டில் வைத்து மடித்தால் பாதி. அதை இன்னொரு முறை மடித்தால் கால். மடிப்பு விழுந்த இடத்தைப் பார்த்தால் எட்டுக்கு அப்புறம் ஐந்தாவது சிறு கோடு. ஒரு அங்குலத்தில் எட்டுச் சிறு கோடுகள் இருப்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும். நாலு கோடு அரை, ரெண்டு கோடு கால், ஒரு கோடு அரைக்கால். கால்படி, அரைக்கால்படி என்று அரிசி அளந்த பெரியவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. பத்துப் பேருக்கு இப்படி மடித்து அளந்தபின் 8⅝ என்ற எழுத்து அவரை மிரட்டாது. சூத்திரத்தை முதலில் சொல்லிவிட்டுக் கையைப் பழக்குவதைவிட, கையைப் பழக்கிவிட்டுச் சூத்திரத்தைச் சொல்வது வயதுவந்தோர் வகுப்பில் நன்றாக எடுபடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970களில் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: வயது வந்தவர் தம் அனுபவத்தையும் கொண்டுவந்துதான் கற்க உட்காருகிறார், கற்றது கைக்கு உடனே உதவவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

டேப் பற்றி இன்னொன்று. பழைய டேப் இழுபட்டு நீண்டுபோயிருக்கும். வகுப்பில் உள்ள எல்லா டேப்புகளையும் மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். ஒரு டேப்பில் அளந்து வேறொரு டேப்பால் துணியில் குறித்துவிட்டு, எங்கே தவறு என்று மாணவி தேடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தவறு அவருடையது இல்லை என்று சொல்ல அங்கே ஆள் வேண்டும்.

அளவைச் சத்தமாகக் கூவும் வழக்கத்தையும் விடவேண்டும். ஒருவர் அளக்க, இன்னொருவர் எழுத, நடுவில் நாம் நின்று "மார்பு நாற்பத்திரண்டு" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்கிறோம். பிள்ளை பெற்று, பால் கொடுத்து, உடல் மாறிய பெண்கள் அவர்கள். அளந்தவரே எழுதிக்கொள்ளட்டும், மற்றவருக்கு அது தேவையில்லை. நம்மைவிட மூத்தவர்கள் நமக்கு மாணவிகளாக இருக்கிறார்கள். வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் "பிரிச்சுட்டுத் திரும்பத் தைங்க" என்று துணியைத் தள்ளினால் அந்த அக்கா என்ற சொல்லுக்கு மரியாதை இல்லை.

இனி வெட்டு. முதல் வெட்டைப் புதுத்துணியில் வைக்கச் சொல்வது கொடுமை. பழைய சேலை, நைந்த வேட்டி, படுக்கை விரிப்பு எதுவும் ஆகும். காடாத்துணி கிடைத்தால் இன்னும் நல்லது, கோடு தெளிவாகத் தெரியும். முதலில் பழுப்புக் காகிதத்தில் பேட்டர்ன், பிறகு பழைய துணியில் வெட்டு, பிறகு சொந்தத் துணி என்று மூன்று படியில் போகலாம். முதல் இரண்டு படியிலும் நாம் கத்தரியைத் தொடக்கூடாது. "அக்கா, நீங்க வெட்டுங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே பக்கத்தில் நிற்கவேண்டும். கோட்டின் மேல் போகிறாரா, கோட்டுக்கு வெளியே போகிறாரா, தையலுக்கு விட்ட துணி எங்கே என்று வெட்டுவதற்கு முன்னால் அவரையே விரலால் காட்டச் சொல்லுங்கள். லைனிங் துணியை ஊறவைத்து, காயவைத்து, தேய்த்தபின் வெட்டுவது, நெடுக்கு குறுக்கு பார்த்து விரிப்பது, கிராஸ் கட்டுக்குத் துணியை மடிப்பது எல்லாம் இங்கேதான் மனதில் நிற்கும்.

"அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். தெருமுனைத் தொழிலே அளவு ஜாக்கெட்டில்தான் ஓடுகிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வகுப்பிலும் அதைப் பிரித்துப் பார்க்கக் கொடுங்கள். நன்றாகப் பொருந்திய ஒரு பழைய ஜாக்கெட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தேய்த்துக் காகிதத்தில் வைத்து வரைந்தால், டாட் எங்கே பிடித்தார்கள், கைக்குழி முன்னும் பின்னும் ஏன் வேறு வேறு வளைவு என்பது ஒரே மதியத்தில் புரிந்துவிடும். ஆனால் அளவு ஜாக்கெட்டில் ஒரு குறை இருந்தால் அந்தக் குறையும் சேர்ந்தே நகலாகும். அதைக் கண்டுபிடிக்கிற கண் வேண்டுமே.

அந்தக் கண்ணை ட்ரையல்தான் கொடுக்கும். நம் பாடத்திட்டத்தில் மிக ஏழையாக இருப்பது ட்ரையல். வெட்டிய துண்டுகளை ஓட்டுத்தையலில் இணைத்து, உடுத்திப் பார்த்து, கண்ணாடி முன் நிற்பதற்கு வகுப்பில் ஒரு மறைப்பு கூட இருப்பதில்லை. ஒரு திரைச்சீலையும் ஆளுயரக் கண்ணாடியும் இல்லாத தையல் வகுப்பு, மெஷின் ஓட்டும் வகுப்பு மட்டுமே. அங்கே நின்று பார்க்கச் சொல்லித்தர நிறைய இருக்கிறது. துணி இறுகி இழுக்கும்போது விழும் சுருக்கம் வேறு, துணி மிஞ்சித் தொங்கும்போது விழும் மடிப்பு வேறு. ஹூக் வரிசையில் குறுக்காக இழுத்தால் மார்பில் துணி போதவில்லை. அந்த இடத்துத் தையலைப் பிரித்துவிட்டால் துணி தானாக விலகி, எத்தனை அங்குலம் குறைகிறது என்று காட்டிவிடும். முன்கைக்குழிப் பக்கம் தளர்ந்து நின்றால் மிச்சத்தைக் கிள்ளிக் குண்டூசி குத்திப் பார்க்கலாம். தோள் நழுவினால் கழுத்து அகலமா, தோள் சரிவா என்று இரண்டையும் பார்க்கவேண்டும். இரு தோளும் ஒரே உயரத்தில் இல்லாதவர்கள் நிறையப் பேர், அது குறையும் அல்ல. இப்படி ஐந்து உடம்பில் ஐந்து ஜாக்கெட்டைப் பார்த்த மாணவிக்கு, நாம் கொடுக்கும் அளவு அட்டவணை அதற்குப் பிறகுதான் பயன்படத் தொடங்கும்.

நம் ஊர் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு, ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகத் தையல் ஓட்டுவார்கள். உடம்பு பூசினால் உள் தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். உடம்பு மாறும் என்பதை எதிர்பார்த்து வெட்டிய அறிவு அது. இதைக் காட்டும்போது "ஏன் இங்கே மட்டும் மூணு தையல்?" என்று கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும், வரவேண்டும்.

பார்வையையும் கணக்கில் எடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும், கண்ணாடி போட்டிருக்கமாட்டார்கள். ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் காது தெரியும். மிதிமெஷினில் சக்கரம் பின்னோக்கி ஓடி நூல் அறுவது பழகும்வரை எல்லோருக்கும் நடக்கும். நூல் இல்லாமல் கோடு போட்ட தாளில் ஓட்டிப் பழகவிட்டால் இரண்டொரு நாளில் சரியாகும். இவை நீங்கள் அறிந்தவை.

ஆரி வேலை இப்போது எங்கும் பேச்சாக இருக்கிறது. மணப்பெண் ஜாக்கெட்டுக்கு நல்ல கூலி கிடைக்கிறது, பெண்கள் தேடி வந்து கற்கிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் கழுத்து விரிந்து தோள் நழுவும் ஜாக்கெட்டில் எத்தனை கல் பதித்தாலும் அது நழுவத்தான் செய்யும். பொருத்தம் தெரியாதவருக்கு அலங்காரத்தை முதலில் கற்பிக்கும் மையங்கள் அவரிடமிருந்து கட்டணத்தை மட்டுமே வாங்குகின்றன.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்பீர்கள். நேரம் பாடப்பட்டியலிலேயே இருக்கிறது. ஜப்லா, உள்பாவாடை, ஃபிராக், சுடிதார், நைட்டி, ஜாக்கெட் என்று ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்டுவிட்டு ஓடுகிறோம். குறுகிய காலப் பயிற்சியில் பாதியைத் தள்ளிவிட்டு ஜாக்கெட்டை மூன்று முறை வெட்டவையுங்கள். முதலாவது தனக்கு. இரண்டாவது தன்னைவிட வேறான உடல்வாகு உள்ள ஒருவருக்கு. மூன்றாவது அளவு ஜாக்கெட் இல்லாமல், டேப் மட்டும் பிடித்து. மூன்றையும் வெட்டித் தைத்துப் பொருத்திப் பார்த்த பெண்ணுக்கு நைட்டியும் சுடிதாரும் பெரிய பாடமல்ல, வீட்டிலிருந்தே பழகிக்கொள்வார். பட்டியல் நம் கையில் இல்லாத அரசுப் பயிற்சிகளில்கூட, எந்த உடையில் எத்தனை மணி நேரம் நிற்பது என்பதில் பயிற்றுநருக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தவேண்டும்.

துணி வீணாகும் என்ற கவலைக்கும் ஒரு வார்த்தை. பழைய சேலையில் இரண்டு ஜாக்கெட் வீணாவது, சான்றிதழ் வாங்கியபின் ஒருமுறைகூட வெட்டாமல் மெஷின் மூலையில் தூசி படிந்து நிற்பதைவிடச் சிறிய நஷ்டம். சமூகநலத் துறை ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. தையல் தெரிந்தவர் என்பதற்குச் சான்று கேட்டுத்தான் கொடுக்கிறது. அந்தச் சான்றில் கையெழுத்து போடுகிறவர்கள் நாம். நாம் தருகிற சான்று அவரை நம்பித் துணி கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தருகிற வாக்கு.

அடுத்த அணி சேரும்போது முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவி கையிலும் கத்தரியைக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எத்தனை பேர் வெட்டினார்கள், எங்கே தடுமாறினார்கள், எந்த வழி உதவியது, எது உதவவில்லை என்று எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.