பொது மண்டபம் யாருக்கு?

காஞ்சியிலிருந்து பட்டுச்சேலை மூட்டையுடன் சென்னை செல்லும் தோழரே! ரிப்பன் மாளிகைக்கு அருகே, சதுரக் கோபுரம் தாங்கி நிற்கும் செங்கல் அரங்கைக் கண்டிருப்பீர். விக்டோரியா பொது மண்டபம்! 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சிசோம் வரைந்தார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார். பெயர் அரசிக்கு, வியர்வையோ நம்மவர்க்கு!

நடிகனைக் 'கூத்தாடி' என்று நாடு இகழ்ந்த காலம் அது. 1891இல் சுகுண விலாச சபை கண்ட பம்மல் சம்பந்தனார், வழக்கறிஞர்களையும் அலுவலர்களையும் அந்த மேடையிலே வேடம் புனைய வைத்தார். நடிப்பு நற்கலையாயிற்று. மறுப்பாரில்லை.

ஆனால், இகழ்ச்சி எவருக்கு நீங்கிற்று? படித்தவன் ஆடினால் கலை. பாமரன் ஆடினால் வெறுங்கூத்தா? காஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களிலே, திரௌபதி அம்மன் திருவிழாவிலே, விடிய விடியக் கட்டைக்கூத்து ஆடும் கலைஞனுக்கு வானமே கூரை, மண்ணே மேடை. பட்டு நெய்பவன் பருத்தி உடுத்துவதுபோல, கலை வளர்த்தவனுக்கு அரங்கம் இல்லை!

காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மனே 7ஆம் நூற்றாண்டில் 'மத்தவிலாசம்' என்னும் நாடகம் எழுதி, இந்நகரத் தெருவில் திரிந்த போலித் துறவிகளை எள்ளி நகையாடினான். தெருவையே கதைக்களமாக்கினான் முடிமன்னன். தெருவில் ஆடுவோனை மேடையேற்றத் தயங்கலாமோ குடியரசு?

பழைய மண்டபத்தைக் காப்பது கடமை. ஆயினும் செங்கல்லைச் செப்பனிட்டால் மட்டும் போதாது. ஏழைக் கூத்துக்குழு செலுத்தக்கூடிய வாடகையும் வேண்டும். கேளுங்கள், தோழர்களே, கூட்டந்தோறும் கேளுங்கள்! கூத்தன் காற்சலங்கை அம்மேடையிலே ஒலிக்கும் நாளே, 'பொது' என்ற சொல் பொருள் பெறும் நாள்!