மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன?

ஓய்வு நாள். ஆபீஸ் கிடையாது. பள்ளிக்கூடம் கிடையாது. அலாரம் வைக்க வேண்டியது இல்லை.

யாருக்கு?

கணவருக்கு. பிள்ளைகளுக்கு.

மனைவிக்கு? அவளைக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பாள். "எனக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான்" என்பாள். அதுகூடச் சரி இல்லை என்பது என் கருத்து. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமையைவிட மோசம்!

எப்படி என்று சொல்கிறேன்.

அடுப்புக்கு இரட்டை வேலை

வீட்டுக்காரர் எட்டு மணிக்கு எழுந்திருப்பார். காபி. பத்திரிகை. இன்னொரு காபி. பிறகு பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போவார். வரிசையில் நின்று முக்கால் கிலோ ஆட்டுக்கறி வாங்கி வருவார். அதோடு அவருடைய வேலை முடிந்தது.

மனைவியின் வேலை அப்போதுதான் ஆரம்பம். கறியைக் கழுவ வேண்டும். சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். இஞ்சி, பூண்டு தட்ட வேண்டும். தேங்காய் அரைக்க வேண்டும். ஒரு பக்கம் குழம்பு. ஒரு பக்கம் வறுவல். பிள்ளைகளுக்குக் காரம் இல்லாமல் தனியாகக் கொஞ்சம். ரசம்? அதுவும் வேண்டும்!

கோடை வந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். வடகம். சித்திரை வெயிலை வீணாக்கலாமா? விடிவதற்கு முன்பே கூழ் காய்ச்சி, மொட்டை மாடியில் வேட்டியை விரித்துப் பிழிய வேண்டும். காக்காய் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த பிறகு வேட்டியைத் திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து உரித்து எடுக்க வேண்டும்.

இரண்டு மணிக்குச் சாப்பாடு. சாப்பிட்டவுடன் கணவர் மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரிப்பார். மனைவி எச்சில் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போவாள். நாலு மணிக்கு ஒரு குரல் கேட்கும்.

"ஏம்மா, காபி கிடைக்குமா?"

குடும்பம் ஓய்வாக இருந்த ஞாயிற்றுக்கிழமை இதுதான்!

போராடி வாங்கிய விடுமுறை

இந்த விடுமுறை சும்மா வந்தது அல்ல. பம்பாய் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் ஓய்வு நாளே கிடையாது. நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் தொழிலாளர்களைத் திரட்டினார். 1890-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெரிய கூட்டம் போட்டார். சுமார் 10 ஆயிரம் பேர் வந்தார்கள். இரண்டு பெண் தொழிலாளர்களும் அந்தக் கூட்டத்தில் பேசினார்கள். அந்த ஆண்டு ஜூன் 10-ந் தேதி, வாரம் ஒரு நாள் விடுமுறை தர முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று பேசிய அந்த இரண்டு பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது உண்டு. ஆலைச் சங்கு ஊதாத அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? படுத்துத் தூங்கினார்களா? அல்லது, "இன்றைக்குத்தான் வீட்டில் இருக்கிறாயே" என்று யாராவது கூடுதலாக ஒரு வேலை கொடுத்தார்களா?

மத்திய அரசு 2024-ம் ஆண்டில் ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டு எடுத்த கணக்கு. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதாவது, ஐந்து மணி நேரத்துக்கு 11 நிமிடம் குறைவு. ஆண்கள்? 88 நிமிடம்.

பரவாயில்லையே என்று நினைக்காதீர்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள். அவர்களையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச ஓர் இடம்

சரி, வழி என்ன?

சினிமாவா? நாலு பேர் போய் வந்தால் பர்ஸ் காலி. நான் சொல்வது செலவு இல்லாத வழி. பூங்கா. அதுவும் விடியற்காலையில். கணவன், மனைவி இரண்டு பேர் மட்டும்.

ஏன் இரண்டு பேர் மட்டும்?

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அதில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், ஓயாமல் அலறும் டெலிவிஷன். புருஷனும் பெண்டாட்டியும் எங்கே பேசுவது? பேசினாலும் என்ன பேச்சு? கேஸ் தீர்ந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் பணம் கேட்கிறார்கள், சீட்டுப் பணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆனவர்களைக் கேட்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியது எப்போது?

தனி அறை இல்லாத தம்பதிக்குப் பூங்கா பெஞ்சுதான் அறை!

சென்னைக்காரர்கள் ஒரு காலத்தில் இதைச் செய்துதான் வந்தார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் "பீப்பிள்ஸ் பார்க்" என்று ஒரு பூங்கா இருந்தது. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் உருவானது. பரப்பு 116 ஏக்கர். மிருகக்காட்சிச் சாலை அங்கேதான் இருந்தது. ஜனங்கள் அதை "உயிர் காலேஜ்" என்பார்கள். எழும்பூர் மியூசியத்துக்கு "செத்த காலேஜ்" என்று பெயர்! இரண்டையும் பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து மரத்தடியில் சாப்பிட்டு வந்தால் அது ஒரு நாள். 1985-ல் மிருகங்கள் வண்டலூருக்குப் போய்விட்டன. பூங்காவில் கட்டடம் வந்தது, ஸ்டேடியம் வந்தது. மிச்சம் இருப்பது மை லேடி பூங்கா என்ற ஒரு சின்னத் துண்டு.

இருக்கிற பூங்காக்களையாவது பயன்படுத்துவோம். தியாகராய நகரில் நடேசன் பூங்கா இருக்கிறது. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டாக்டர் நடேச முதலியார் பெயரால் அமைந்தது. கொஞ்ச தூரத்தில் பனகல் பூங்கா. உங்கள் தெருப் பக்கத்திலும் ஒன்று இருக்கும்.

கோடையில் சாயங்காலம் போகாதீர்கள். லீவு விட்ட பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போடும் நேரம் அது. மே மாதத்தில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். எட்டு மணிக்கு வெயில் முதுகைச் சுடும். இடையில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு. புங்க மரங்கள் புது இலை விட்டு நிழல் தரும் காலம். சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும். பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போயிருப்பார்கள். அல்லது, லீவுதானே என்று தூங்கிக்கொண்டு இருப்பார்கள்.

செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பெஞ்சில் ஜோடியாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு போனைப் பார்ப்பதற்கு வீடே போதுமே!

பூங்காக் காவலர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், சிலர் முறைத்துப் பார்க்கிறார்கள். கழுத்தில் தாலி இருக்கிறதா என்று தேடுகிறார்கள். தம்பதிகள் நிம்மதியாக உட்காரட்டும், ஐயா!

எட்டாவது நாள்

இவ்வளவு சொன்னேனே, எல்லாருக்கும் ஞாயிறு கிடைக்கிறதா?

பனகல் பூங்காவைச் சுற்றி எத்தனை ஜவுளிக்கடைகள்! அங்கே கூட்டம் நெரிவதே ஞாயிற்றுக்கிழமைதான். விற்பனைப் பெண்களுக்கு அன்று லீவு எப்படிக் கிடைக்கும்? வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1947-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு நாள் செவ்வாயாகவோ புதனாகவோ இருக்கும். வேலை நேரத்தில் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் வந்ததே 2021-ல்தான்.

கணவனுக்கு ஞாயிறு லீவு. மனைவிக்குச் செவ்வாய் லீவு. இந்தத் தம்பதி சேர்ந்து இருக்க, வாரத்தில் எட்டாவது நாள் ஒன்று வேண்டும்! மாதத்தில் ஒரு ஞாயிறாவது முறை வைத்து விடுமுறை தரக் கடை முதலாளிகள் முன்வர வேண்டும். அதனால் கடை முழுகிவிடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

பூங்காவில் சிரித்துப் பேசிவிட்டு வந்து, மனைவி நேராக அடுப்படிக்குப் போனால் என்ன பயன்?

கறி சமைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடிக்க வருவீர்கள்! வெங்காயத்தை நீங்கள் உரியுங்கள் என்கிறேன். தேங்காயை நீங்கள் துருவுங்கள். கூடத்தில் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு, பூங்காவில் விட்ட பேச்சை அங்கே தொடருங்கள். கண்ணில் தண்ணீர் வரும். இத்தனை வருஷம் அவளுக்கு வந்த தண்ணீர்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அடுப்பே பற்றவைக்க வேண்டாம். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு. மோர். ஊறுகாய். தெருவில் விற்கும் நுங்கு நாலு. கத்திரி வெயிலுக்கு அதைவிட வேறு விருந்து உண்டா? கழுவுவதற்கும் நாலு பாத்திரம்தான். மத்தியானம் இரண்டு பேரும் தூங்கலாம்.

"எங்க அம்மா என்ன சொல்வாங்க?" என்று சில கணவர்கள் கேட்பார்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். அடுத்த வாரம் நீங்களே காபி போட்டு அம்மாவுக்கு முதல் டம்ளரைக் கொடுங்கள். மாமியாரும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவர்தானே? அவருக்கு எத்தனை ஞாயிறு கிடைத்தது?

ராத்திரி ஒரு வேலை பாக்கி. திங்கட்கிழமை இட்லிக்கு மாவு அரைக்க வேண்டும். கோடையில் மாவு சீக்கிரம் புளித்துவிடும். ஒன்பது மணிக்குமேல் அரைத்தால் போதும். அதை வீட்டுக்காரரே செய்யலாம். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. கிரைண்டர் சுற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளிவிட வேண்டும். கடைசியில் உப்பு.

முதல் வாரம் உப்பு கூடிப்போகும். போகட்டும்!